நடுகல்லும் கணித்திரையும்

சவ்வாது மலைமேல் காவலூரில் 1986-இல் 2.34 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி பயன்பாட்டுக்கு வந்தது. நெருங்கித் தோன்றும் இரு விண்மீன்களை இரண்டெனப் பிரித்துக் காட்டும் ஆற்றலை அறிவியலார் பிரிதிறன் என்பர். மடிக்கணினிக் கடைகளில் 'ரெசல்யூஷன்' என வழங்குவதற்கும் தமிழில் அச்சொல்லே பொருந்தும். அங்கே காண வேண்டுவது விண்மீன். இங்கே ஒற்றெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளி.

அம்மலைக்குத் தெற்கே, செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களை இரா. நாகசாமி பதிப்பிக்க, தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் நூலாக வெளியிட்டது. வட்டெழுத்தில் அமைந்த அவ்வாசகங்களைத் தேய்த்தவை காற்றும் மழையும். ஓலையிலோ எழுதுவோரே புள்ளியைத் தவிர்த்தனர். எழுத்தாணி அழுந்தினால் ஏடு கிழியும். மெய்க்குப் புள்ளி உண்டெனத் தொல்காப்பியம் விதித்தும் நடைமுறை வேறாயிற்று. ஆகவே யாப்பும் பொருளும் அறிந்தவர்க்கே ஏடு வாய்திறந்தது.

அச்சு வந்தபோது சிக்கல் வேறு முகம் கொண்டது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பெற்று 1713-இல் தரங்கம்பாடி சேர்ந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, தாளோ அரிது. சீகன்பால்குவின் புதிய ஏற்பாட்டு முற்பகுதி 1714-இல் அப்பேரெழுத்தில் அச்சாயிற்று. எஞ்சிய பகுதிக்கு இங்கேயே சிற்றெழுத்து வார்த்து 1715-இல் முடித்தனர். பக்கத்தில் நிறையக் கொள்ளவும் வேண்டும், கண்ணும் நோகலாகாது என்னும் இழுபறிக்கு வயது முந்நூறு.

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின், அவ்விழுபறி எளியோர் வீட்டுக்கும் வந்தது. பதினான்கு அங்குலத் திரையில் 1366×768 படப்புள்ளிகள் இருப்பின், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.23 மில்லிமீட்டர், 1920×1080 எனில் 0.16. ஐம்பது சென்டிமீட்டர்த் தொலைவில் நற்கண் பிரித்தறியும் எல்லை 0.15 அளவில் நிற்கும். எனவே பின்னதில் எழுத்தின் விளிம்பு கூர்மை பெறும். ஆயின், பதினாறு படப்புள்ளி உயரமுள்ள எழுத்து 3.6 மில்லிமீட்டரிலிருந்து 2.6-க்குச் சுருங்கிவிடும். அது கண்டு பலர் திரையின் பிரிதிறனையே குறைத்துவிடுகின்றனர். இது பிழை. திரவப்படிகத் திரையில் படப்புள்ளிகளின் எண்ணிக்கை மாறாதது. இல்லாத அளவைத் திணித்தால் எழுத்து மங்கும். பிரிதிறனை உள்ளபடி விட்டு, எழுத்தளவை 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்துவதே முறை.

ஆங்கில எழுத்து சிறுத்தாலும் ஒருவாறு படிக்கலாம். தமிழில் ஞ, ழ, ணூ ஆகியவற்றின் சுழிகள் அடைபடும். புள்ளி கோட்டோடு ஒட்டிக்கொண்டால் 'கல்' 'கல' ஆகும், வெண்பாவின் தளை தட்டும். 1978-இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை முதலியவற்றின் பழைய துதிக்கையைக் களைந்தது திரைக்கும் நன்மையே. அழகை இழந்தோம் என வருந்துவோரும் உளர்.

வாங்குவோர் கடையில் பெரும்பாலும் வண்ணப்படத்தைக் கண்டே மனநிறைவு கொள்கின்றனர். ஒரு வெண்பாவைத் திறந்து, ஒரு முழம் தள்ளியமர்ந்து, ஒற்றுகளை எண்ணிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.