இரண்டு கிராம் மாட்சாவின் பயணம்

கியோட்டோவுக்குத் தெற்கே உள்ள உஜியில், ஏப்ரல் மாதம் தேயிலை துளிர்விட்டதும் தோட்டத்துக்கே பந்தல் போடுகிறார்கள். நாணல் தட்டிகளைக் கட்டி, அவற்றின் மேல் வைக்கோலைப் பரப்புவது பழைய முறை. ஜப்பானில் வாழ்ந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் ஜோவாவ் ரோட்ரிகஸ் இதைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார். இன்று பெரும்பாலான தோட்டங்களில் கறுப்பு வலைத்துணி அந்த வேலையைச் செய்கிறது. பறிப்புக்கு முந்தைய மூன்று, நான்கு வாரங்கள் செடி நிழலிலேயே வளர்கிறது.

தேயிலைக்குச் சுவை தருவது தியானின் என்னும் அமினோ அமிலம். வெயில் பட்டால் அது கட்டெச்சின்களாக மாறும். துவர்ப்பும் கசப்பும் அவற்றால் வருபவை. நிழலில் இந்த மாற்றம் குறைகிறது. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடித்துக்கொள்ள இலை பச்சையத்தைப் பெருக்குகிறது. அதனால்தான் இந்த இலையை அரைத்த தூளான மாட்சாவுக்கு அந்த ஆழ்ந்த பச்சை நிறமும், நாக்கில் தங்கும் மெல்லிய இனிமையும். மாட்சாவின் கலோரிக் கணக்கு இந்தப் பந்தலிலேயே தொடங்கிவிடுகிறது என்பேன். இலையிலேயே இனிமை இருந்தால் கோப்பையில் சர்க்கரைக்கு வேலை இல்லை.

பறித்த இலையை உடனே ஆவியில் சில நொடிகள் காட்டி, சுருட்டாமல் உலர்த்துகிறார்கள். காம்பையும் நரம்பையும் நீக்கினால் மிஞ்சுவது தென்சா. அடுத்தது கருங்கல் திரிகை. கல்லை வேகமாகச் சுற்றினால் சூடேறி மணம் போய்விடும். அதனால் நிதானமாகத்தான் சுற்ற வேண்டும். ஒரு திரிகையில் மணிக்குச் சுமார் 40 கிராம் தூள்தான் இறங்கும். ஒரு கிண்ணத் தேநீருக்கு வேண்டிய இரண்டு கிராமுக்குக் கல் மூன்று நிமிடம் சுற்றியாக வேண்டும்.

தேயிலையைத் தூளாக்கி வெந்நீரில் அடித்துக் குடிக்கும் வழக்கம் சீனாவின் சோங் அரசர்கள் காலத்தில் செழித்தது. அங்கே படிக்கச் சென்ற புத்தத் துறவி எய்சாய், 1191இல் தேயிலை விதைகளோடு ஜப்பான் திரும்பினார். உடல்நலத்துக்குத் தேநீர் எவ்வளவு நல்லது என்று 1211இல் ஒரு நூலும் எழுதினார். பின்னாளில் சீனா இலையை நீரில் ஊறவைத்துக் குடிக்கும் முறைக்கு மாறிவிட்டது. தூள் தேநீர் ஜப்பானில் நிலைத்தது. 16ஆம் நூற்றாண்டில் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ அதற்கு எளிமையான, அழுத்தமான ஒரு சடங்கு வடிவம் கொடுத்தார்.

அந்தச் சடங்கில் முதலில் ஒரு சிறிய இனிப்பு தட்டில் வரும். பெரும்பாலும் பயற்று விழுதில் செய்தது. விருந்தினர் அதைத் தின்று முடித்த பிறகு தேநீர் வரும். இரண்டு கிராம் தூள், 60, 70 மில்லி வெந்நீர், ஒரே மூங்கில் துண்டைக் கீறிச் செய்த மத்து. கிண்ணத்துக்குள் வேறு எதுவும் போவதில்லை. இலை முழுவதையும் விழுங்கினாலும் இரண்டு கிராம் மாட்சாவில் இருப்பது சுமார் 5 முதல் 7 கலோரிதான். இனிப்பு தட்டோடு நின்றது. எவ்வளவு தின்றோம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

பயணத்தின் கடைசிக் கட்டத்தில்தான் எடை ஏறியது. மாட்சா ஐஸ்கிரீமுக்குள் போனது. பால் கலந்த லாட்டே ஆனது. உலகெங்கும் காபிக் கடைகளின் விலைப்பட்டியலில் இடம் பிடித்தது. தூளிலேயே சர்க்கரையைக் கலந்து வைப்பது வழக்கமானது. ஸ்டார்பக்ஸ் போன்ற பெரிய நிறுவனமே அமெரிக்கக் கடைகளில் சர்க்கரை கலக்காத தூளுக்கு மாறியது 2025இல்தான்.

ஒரு பெரிய தம்ளர் மாட்சா லாட்டேயைக் கணக்கிட்டுப் பாருங்கள். மாட்சா 6 கலோரி. கொழுப்பு நீக்காத பால் 250 மில்லி என்றால் சுமார் 155. நான்கு தேக்கரண்டி சர்க்கரை 64. ஆக மொத்தம் 225. இதில் தேயிலையின் பங்கு நூற்றில் மூன்றுகூட இல்லை. கிரீமும் சிரப்பும் சேர்த்து ஐஸோடு அடித்துத் தரும் பானங்கள் 400 கலோரியைச் சாதாரணமாகத் தொடும். பச்சை நிறத்தைப் பார்த்து உடம்புக்கு நல்லது என்று நம்பி வாங்குகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

குறைப்பது கடினமே இல்லை. முதலில் வெந்நீர். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசப்பு முந்திக்கொண்டு வரும். அந்தக் கசப்பை மறைக்கத்தான் கை சர்க்கரை டப்பாவுக்குப் போகிறது. கொதித்த நீரைச் சில நிமிடம் ஆறவிட்டு, 75, 80 டிகிரிச் சூட்டில் ஊற்றுங்கள். தூளைச் சலித்துப் போட்டால் கட்டி விழாது. நுரை எழும்பும்வரை அடியுங்கள்.

அடுத்தது பால். மாட்சாவை முதலில் நீரில் அடித்துவிட்டால் 100 மில்லி பால் போதும். அது கொழுப்பு நீக்கிய பாலாக இருந்தால் மொத்தம் 41 கலோரி. சர்க்கரை சேர்க்காத பாதாம் பாலில் 100 மில்லிக்கு 20 கலோரிக்குள்தான். ஓட்ஸ் பாலில் கவனம் வேண்டும். அதைத் தயாரிக்கும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி நொதியால் சர்க்கரையாக உடைகிறது. தனியாகச் சர்க்கரை போடாவிட்டாலும் 100 மில்லிக்கு 40 முதல் 60 கலோரி வரை வரும். தேனுக்கும் சலுகை கிடையாது. ஒரு தேக்கரண்டித் தேன் 20 கலோரி, சர்க்கரையைவிடச் சற்று அதிகம்தான்.

மூன்றாவது, பொட்டலத்தின் பின்பக்கம். மாட்சா லாட்டே கலவை என்று விற்பதில் சேர்மானப் பட்டியலின் முதல் பெயர் பலவற்றில் சர்க்கரையாகவே இருக்கும். பட்டியலில் தேயிலை ஒன்று மட்டும் இருக்கும் தூளை வாங்குங்கள். விலை கூடத்தான். ஆனால் மலிவான தூளின் கசப்பை மூடிமறைக்க நாள்தோறும் சேரும் சர்க்கரையையும் கணக்கில் வைக்க வேண்டும். கடையில் குடிப்பதென்றால் சிரப் வேண்டாம் என்று சொல்லி, சிறிய அளவைக் கேட்டு வாங்கலாம்.

இனிப்புக்குப் பழகிய நாக்கு ஒரே நாளில் மாறாது. வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி குறைத்தால் போதும். நிழல் கொடுத்த இனிமை மெல்ல நாக்குக்குப் பிடிபடத் தொடங்கும். அப்படியும் இனிப்பு வேண்டும் என்று தோன்றும் நாளில் அந்தத் தேநீர்ச் சடங்கின் வழிதான் நல்ல வழி. ஒரு சிறு துண்டைத் தட்டில் வைத்து, ரசித்துத் தின்றுவிட்டு, தேநீரைத் தேநீராகவே குடிக்கலாம்.