மெல்லினம் இழந்த மொழி

பாப்புவா நியூகினி நாட்டைச் சேர்ந்த போகன்வில் தீவின் மலைப்பகுதியில், சில ஆயிரம் மக்கள் பேசும் மொழி ரோட்டோகாஸ். பாப்புவ மொழிகளுள் ஒன்றாக எண்ணப்பெறும் இச்சிறுமொழி, மொழியியல் நூல்களில் அடிக்கடி எடுத்துக்காட்டாக இடம்பெறுகின்றது. உலகில் மிகக் குறைந்த ஒலியன்களைக் கொண்ட மொழிகளுள் இஃதும் ஒன்றாதலே அதற்குக் காரணம்.

1969ஆம் ஆண்டில் இர்வின் ஃபிர்ச்சோ, ஜாக்குலின் ஃபிர்ச்சோ ஆகிய இருவரும் இம்மொழியின் நடுநிலக் கிளைமொழியை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். உயிர்களின் குறில், நெடில் வேறுபாட்டைத் தனியே வைத்தால், உயிர் 5, மெய் 6, ஆக 11 ஒலியன்களே அதில் உள்ளன. ஒலிப்பிலா மெய் மூன்று. ஒலிப்புடைய மெய் மூன்று. மகரம், நகரம், ஙகரம் போன்ற மெல்லின ஒலிகளுக்குப் பொருளை வேறுபடுத்தும் ஆற்றல் அங்கு இல்லை. அம்மக்களின் இயல்பான பேச்சில் அவை அரிதாகவே கேட்கும். அயலார் தம் மொழியைப் பேச முயல்வதை நடித்துக் காட்டும்போது மட்டும் அவர்கள் மூக்கொலியை மிகுதியாகக் கையாளுவர் என்று அவ்வாய்வாளர் குறித்துள்ளனர்.

இம்மொழி தொடக்கத்திலேயே மெல்லினம் இன்றித் தோன்றியதா? இவ்வினாவிற்கு விடை அருகிலிருந்த மற்றொரு கிளைமொழியில் இருந்தது. 2006ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் ராபின்சன் அய்ட்டா கிளைமொழியின் ஒலியன்களை ஆராய்ந்து வெளியிட்டார். அதில் மெய்கள் 9. மெல்லின மெய் மூன்றும் பொருள் வேறுபடுத்தும் தனி ஒலியன்களாகவே நிற்கின்றன. அய்ட்டாவில் மகரம் பெறும் சொல்லும், ‘கம்பம்’ என்பதன் பகரம் போன்ற ஒலி பெறும் சொல்லும் நடுநிலப் பேச்சில் ஒரே ஒலியைப் பெறுகின்றன. ஓரொலி பின்னாளில் இரண்டாகப் பிரிந்திருப்பின், எச்சொல்லில் எவ்வொலி வரும் என்பதற்கு விதி இருத்தல் வேண்டும். அத்தகைய விதி காணப்படவில்லை. எனவே, முன்பு வேறுபட்டிருந்த இரண்டும் நடுநிலப் பேச்சில் ஒன்றாகக் கலந்தன என்பது தெளிவாகின்றது.

ஒலிகள் குறைந்தமையால் மொழி வறுமையுற்றதா எனின், இல்லை. ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாத பால் என மூன்று பாலும், ஒருமை, இருமை, பன்மை என மூன்று எண்ணும் அம்மொழியில் உள்ளன. சில ஒலிகளே எண்ணற்ற சொற்களை ஆக்கித் தருகின்றன.

1988 முதல் 1998 வரை உள்நாட்டுப் போர் அத்தீவை அலைக்கழித்தது. அத்துன்பக் காலத்தில் அய்ட்டா பேச்சு மறைந்திருப்பின், அதன் உடன்பிறந்த பேச்சு எதனை இழந்தது என்பதும் அதனோடு மறைந்திருக்கும். கிளைமொழியைக் கொச்சையென ஒதுக்குவோர் ஒரு மொழியின் வரலாற்றுச் சான்றையே ஒதுக்குகின்றனர் என்பதை மொழி பயில்வோரும் பயிற்றுவோரும் மனங்கொள்ளுதல் வேண்டும்.