இரட்டை விடியல் பிறந்த கதை

பெர்த்திலிருந்து லண்டனுக்கு இன்று எங்கும் இறங்காமல் பறக்கலாம். ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். பதினேழு மணி நேரம் ஆகும். 2018 மார்ச்சில் குவாண்டாஸ் தொடங்கிய சேவை இது. அதே நிறுவனம் ஒரு காலத்தில், அதில் பாதித் தூரம்கூட இல்லாத இலங்கைக்குப் போக முப்பது மணி நேரம் எடுத்துக்கொண்டது. அதுவும் இடைநில்லாப் பயணம்தான்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஆஸ்திரேலியாவை இங்கிலாந்தோடு இணைத்த விமானத் தடம் அந்த ஊர் வழியாகத்தான் போனது. அது அறுந்ததும், இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே தாண்ட வேண்டிய கட்டாயம் வந்தது. பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து இலங்கையின் காலி நகருக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரி வரை 5,600 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் நம்பி இறங்க இடமில்லை.

1943 நடுவில் சேவை தொடங்கியது. கிடைத்தவை ஐந்து கேட்டலினா கடல் விமானங்கள். மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர்தான் வேகம், ஆயுதம் கிடையாது. தூரத்தைச் சமாளிக்க எடையைக் குறைத்து எரிபொருளை நிரப்பினார்கள். மிஞ்சிய இடத்தில் மூன்று பயணிகளையும் 69 கிலோ தபாலையும் ஏற்றினார்கள். இவ்வளவு பாடுபட்டு மூன்றே பேரா என்று கேட்கலாம். போர்க்காலத்தில் அந்த மூன்று பேரும் அந்தத் தபாலும் அவ்வளவு அவசரம்.

எதிரியின் கண்காணிப்புப் பகுதியை இருட்டில் கடக்கும்படி புறப்படும் நேரம் குறிக்கப்பட்டது. வானொலியில் பேசக் கூடாது. வழிகாட்டியவை விண்மீன்களே, விமானங்களுக்கும் வேகா, அல்டேர், ரைகல் என்று அவற்றின் பெயர்களையே வைத்தார்கள். எதிர்க்காற்று அடித்தால் நேரம் நீளும். குறைந்தது 27 மணி நேரமாவது ஆகிவிடும்.

ஒரே பயணத்தில் சூரியன் இருமுறை உதித்ததால் 'இரட்டை விடியல்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பயணிகளுக்கு 'இரட்டை விடியல் இரகசியச் சங்க'ச் சான்றிதழும் கொடுத்தார்கள். இரகசியத்துக்கே சான்றிதழ்!

1944இல் லிபரேட்டர் விமானங்கள் வந்து, இந்தக் கடலை ஏறத்தாழ பதினேழு மணி நேரத்தில் தாண்டின. ஆனாலும் கேட்டலினாக்கள் 1945 ஜூலை வரை பறந்தன. மொத்தம் 271 கடப்புகள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. அமெரிக்கா கடன்-குத்தகை முறையில் தந்த விமானங்கள் என்பதால், போர் முடிந்ததும் ஒப்பந்தப்படி அவற்றைக் கடலில் மூழ்கடித்தார்கள். அருங்காட்சியகத்துக்கு ஒன்றையாவது விட்டு வைத்திருக்கலாம்.

2019 நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்கு குவாண்டாஸ் நடத்திய சோதனைப் பறப்பு 19 மணி 19 நிமிடம் பிடித்தது. அந்தச் சோதனை நடந்த திட்டத்தின் பெயரும் 'சன்ரைஸ்', அதாவது சூரிய உதயம். ஆனால் வானில் இருந்த நேரத்தைக் கணக்கிட்டால், மிக நீண்ட இடைநில்லாப் பயணிகள் சேவை என்ற சாதனை, ஒருமுறை 32 மணி 9 நிமிடம் பறந்த கேட்டலினாவிடமே இன்னும் இருக்கிறது.