ஒரே சிகிச்சைக்கு ஒரே கட்டணம்

ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் கேள்வியே "இன்சூரன்ஸ் இருக்கா சார்?" என்பதுதான். நம் பதிலைப் பொறுத்து பில்லும் மாறும். என் வயதுக்காரர்களுக்கு இது புதிதல்ல.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஆனால் மேரிலாந்து மாநிலம் வேறு வழி பார்த்தது. அங்கே ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரிகள் பணம் வராமல் தள்ளாடின. 1971-ல் மாநில சட்டசபை, ஆஸ்பத்திரிக் கட்டணத்தைக் கண்காணிக்க ஓர் ஆணையம் அமைத்துச் சட்டம் போட்டது. ஆஸ்பத்திரிகளே அதை ஆதரித்தன!

1974 முதல் ஆணையமே கட்டணத்தை நிர்ணயித்தது. இன்சூரன்ஸ் கம்பெனி கட்டினாலும், கைக்காசு கட்டினாலும், ஓர் ஆஸ்பத்திரியில் ஏறத்தாழ ஒரே கட்டணம். ஏழைகளின் செலவும் அதிலேயே எல்லோருக்கும் பகிரப்பட்டது. 1977-ல், முதியோருக்கான மெடிகேர் திட்டத்தையும் இதில் சேர்க்க மத்திய அரசு சம்மதித்தது.

பலன்? 1976-ல் அங்கே ஒரு நோயாளியை அட்மிட் செய்தால் ஆகும் செலவு, தேசிய சராசரியைவிட 26 சதவீதம் அதிகம். முப்பது வருஷத்தில் அது சராசரிக்கும் கீழே இறங்கியது.

செலவைக் குறைக்க ஏழையை வாசலில் நிறுத்த வேண்டியதில்லை. அதைச் சட்டம் போட்டே செய்து காட்டினார்கள்.