உயரத்தின் அரசியல்: கடலூர் - சிதம்பரம் சாலையோரப் பிம்பங்கள் குறித்துச் சில குறிப்புகள்

1

சிலைகள் பற்றி நம்மிடையே நடந்துள்ள விவாதங்களில் பெரும்பகுதி 'யாருக்குச் சிலை' என்பதைச் சுற்றியே அமைந்திருக்கிறது. எவ்வளவு உயரம், எந்த இடத்தில், யார் அண்ணாந்து பார்ப்பதற்காக என்ற கேள்விகள் அதிகம் எழுப்பப்படவில்லை. உயரம் ஏதோ பொறியியல் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். அப்படி அல்ல, உயரம் ஒரு சொல்லாடல் என்பதுதான் இக்குறிப்புகளின் வாதம்.

1998 கோடையில் ஒரு வீதிநாடகக் குழுவோடு இந்த வட்டாரத்தைச் சுற்றினேன். வண்டி, கழித்துக்கட்டி ஏலம் விட்ட அரசுப் பேருந்து. முன்னால் இரண்டு வரிசை சீட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றிப் பலகை அடித்திருந்தோம். படுக்கை, பறை, ஸ்டவ், அரிசி மூட்டை எல்லாம் அதன்மேல்தான். பக்கவாட்டில் நாங்கள் அடித்த பெயிண்டுக்கு அடியில் பழைய எழுத்துகள் மேடு தட்டித் தெரிந்தன: தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம்.

அந்தப் பெயர் போன கதையும் வரலாறுதான். 1997இல் தெற்கே ஒரு போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. தேவேந்திரர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். கலவரம், சாவுகள். அரசு கண்ட தீர்வு, எல்லாப் பெயர்களையும் அழித்துவிடுவது. மாவட்டப் பெயர்களும் போயின. 1993இல் தென்னாற்காட்டைப் பிரித்தபோது உருவான 'தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்' வெறும் கடலூர் மாவட்டமாயிற்று. ஒரு தலித் பெயரைச் சகிக்க முடியாததால் பெரியாரும் வள்ளலாரும் சேர்ந்து அழிக்கப்பட்டார்கள். சமத்துவம் இங்கே அழிப்பின் வடிவத்தில் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2

கடலூரில் கெடிலத்துப் பாலத்தருகே நிற்கும் பெரியார் சிலையிலிருந்து தொடங்கலாம். 1944இல் இந்த ஊரில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த பெரியார்மீது செருப்பு வீசப்பட்டது. ஒற்றைச் செருப்பால் யாருக்கும் பயனில்லையே என்று வண்டியைத் திருப்பச் சொல்லி இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார் என்பது இயக்கத்தார் சொல்லிவரும் கதை. 1972இல், பெரியார் உயிரோடிருந்தபோதே, இங்கே சிலை எழுப்பப்பட்டது. திறந்துவைத்தவர் அன்றைய முதல்வர் கருணாநிதி.

இந்தச் சிலையின் பொருள் அதன் அளவில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. அதை நாலு மடங்காக்கி நெடுஞ்சாலையில் வைத்தால் செருப்பு விழுந்த கதை காணாமல் போய்விடும். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் வரிசையாக வைக்கப்பட்ட சிலைகளுக்கும், 2000 ஜனவரி முதல் தேதி குமரி முனையில் திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவருக்கும் வேறு தர்க்கம். அங்கே அதிகாரங்களின் எண்ணிக்கையே அடிக்கணக்காக மாறிவிடுகிறது. நூல் படிக்கப்படுவதற்குப் பதில் அளக்கப்படுகிறது.

3

பெருத்த உருவங்கள் நமக்குப் புதிதல்ல என்று ஒரு ஆட்சேபம் வரும். நியாயமானது. விருத்தாசலம் பக்கம் இருபதடி, முப்பதடி உயரத்துக்கு வாழ்முனியும் செம்முனியும் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஏரிக்கரைகளில் அய்யனாருக்கு மண்குதிரைகள். எங்கள் டிரைவர் அண்ணன் சொன்னார்: "இதுக்கெல்லாம் ஸ்டாப்பிங் கிடையாது தோழர். ஆனா ராத்திரி வண்டி ஓட்டறவன் எவனும் கும்பிடாம தாண்டமாட்டான்."

குதிரை செய்யும் முறையைப் பார்க்க வேண்டும். களிமண்ணோடு மணலும் உமியும் வைக்கோலும் கலந்து, முதலில் கால்களை உருளை உருளையாக நிறுத்துகிறார்கள். அது கொஞ்சம் காய்ந்து கெட்டிப்பட்ட பிறகுதான் வயிறு, அப்புறம் கழுத்து, கடைசியில் தலை. அவசரப்பட்டால் ஈர மண் சரிந்துவிடும். உள்ளே முழுக்க வெற்றிடம். மழை கண்டாலோ குழந்தை பிறந்தாலோ நேர்த்திக்கடனாக வைக்கப்படுகிறது. வைத்த பிறகு யாரும் அதைப் பராமரிப்பதில்லை. வெயிலிலும் மழையிலும் காது உதிர்ந்து, கால் மடங்கி, மண்ணோடு மண்ணாகிறது. அடுத்த கடனுக்கு அடுத்த குதிரை. பழைய குதிரைகளின் சில்லுகளுக்கு நடுவில் புதுக் குதிரையை இறக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதை ஏன் சிமெண்டில் செய்யக்கூடாது என்று கேட்டேன். "நிக்கணும்னு செய்யறதில்லீங்க, குடுக்கணும்னு செய்யறது" என்றார். சிமெண்டுக் குதிரைகளும் வந்துவிட்டன என்பது உண்மை. ஆனால் அவர் சொன்னதில் ஒரு கோட்பாடு இருக்கிறது: அழியச் சம்மதிக்கும் பிரம்மாண்டம் அதிகாரமாக உறைவதில்லை.

4

சிதம்பரத்தில் இதற்கு நேர்மாறான சிக்கல். இங்கே தேர்தான் பெரியது, மூர்த்தி சிறியது. ஆனியிலும் மார்கழியிலும் மூலவரான நடராசரே வெளியே வந்து தேரேறுகிறார். சோழர் காலச் செப்புத்திருமேனிகளின் பீடங்களில் தண்டு கோர்க்கத் துளைகளோ வளையங்களோ இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலையின் அளவைத் தீர்மானித்ததில் மனிதத் தோளுக்கும் பங்கு உண்டு. எந்தத் தோள், எந்தக் கை என்பது அடுத்த கேள்வி. நந்தனைத் தீயில் மூழ்கச் சொன்ன பிறகே தில்லை உள்ளே விட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தலித்துகள் வடம் பிடிப்பது 1998 முதல் பெரும் பிரச்சினையாகி, தேரோட்டமே பல ஆண்டுகள் நின்றுபோனது. ஆகவே தோள் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் தோள் போய் டிரெய்லர் வந்தபோது ஒன்று மாறியது. 2023இல் ஜி20 மாநாட்டிற்காகச் சுவாமிமலையில் வார்த்த நடராசர் 27 அடி, சுமார் 18 டன். லாரியில் டெல்லி போய்ச் சேர்ந்தார். 2018-19இல் வந்தவாசியை அடுத்த கொரக்கோட்டையில் வெட்டிய பெருமாள் சிலை 240 சக்கர வண்டியில் பெங்களூருக்குப் பல மாதம் ஊர்ந்தது. அது போக வழிவிட்டு வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. வண்டியைத் தேராக்கும் வித்தையை 1982இல் என்.டி. ராமராவின் பிரச்சார வேன் தொடங்கி 1990இல் அத்வானியின் டொயோட்டா வரை பார்த்துவிட்டோம். இப்போது சாலையே பிம்பத்துக்கு ஏற்ப வெட்டப்படுகிறது.

5

இவ்வளவுக்கும் நடுவே, இந்த மாவட்டத்தின் சேரி முகப்புகளில் இன்னொரு சிலை நிற்கிறது. ஆளுயரம்கூட இருக்காது, நீலக் கோட்டு, கையில் புத்தகம், சுற்றிலும் இரும்புக் கூண்டு. தலை துண்டிக்கப்படும் என்று பயந்து போட்ட கூண்டு. பாதுகாப்பு என்று சொல்லப்பட்டாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அம்பேத்கர் கைதியாகத்தான் தெரிகிறார். 2023இல் ஹைதராபாத்திலும் 2024இல் விஜயவாடாவிலும் 125 அடி அம்பேத்கர் எழுந்தார். யாராலும் எட்டிச் சேதப்படுத்த முடியாத உயரம். அது வெற்றி இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் நகரத்து 125 அடி, ஊருக்கு வெளியே நிற்கும் நாலடியின் கூண்டைத் திறந்துவிடவில்லை. கூண்டில்லாத ஒரு சிறிய சிலை சாத்தியப்படும் ஊர் எது என்பதுதான் நம்முடைய அளவுகோலாக இருக்க வேண்டும்.

கடைசியாக வடலூர். 1867இல் தருமசாலையைத் தொடங்கி, 1872இல் சத்திய ஞான சபையைத் திறந்த வள்ளலார் அங்கே உருவச்சிலை வைக்கவில்லை. ஏழு திரைகளுக்குப் பின்னால் ஒரு விளக்கு, வெளியே பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த பெருவெளி. சிதம்பரமும் திரைக்குப் பின்னால் வெட்டவெளியைத்தான் ரகசியம் என்கிறது. ஆனால் அங்கே திரை விலக்கும் உரிமை தீட்சிதரிடம் இருக்கிறது. வடலூரின் வெளியில் தைப்பூசத்தன்று யாரும் வந்து நிற்கலாம். இந்தப் பயணத்தில் நான் கண்டவற்றில் ஆகப் பெரியது அந்தக் காலி இடம்தான்.

2024இல் அந்தப் பெருவெளியில் சுமார் 100 கோடி ரூபாயில் சர்வதேச மையம் கட்டக் குழி தோண்டியபோது, நிலம் கொடுத்தவர்களின் வாரிசுகளான பார்வதிபுரத்து மக்கள் வந்து மறித்தார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. வள்ளலாரைப் பெருமைப்படுத்தத்தானே கட்டுகிறோம் என்றது அரசு. வேறு இடத்தில் கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள் அவர்கள். இதை வளர்ச்சிக்கு எதிரான பழமைவாதம் என்று நம் தோழர்களில் சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பொது வெளி காலியாக இருப்பதே அதன் பயன் என்று சாதாரண ஜனங்கள் வாதாடிய அரிய சந்தர்ப்பம் இது. பிம்பங்களைப் பற்றி எழுதும் நாம் அந்த வாதத்தை இன்னும் கையில் எடுக்கவில்லை. எடுத்தாக வேண்டும்.