உண்ணிச்செடி மலையேறின கதை

போன மாசம் சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருத்தர், ஜமுனாமரத்தூர் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி உண்ணிப்பூவை போட்டோ எடுத்துக்கிட்டே இருந்தார். "மலைப்பூ என்ன அழகுண்ணே!" என்றார். அது நம்ம மலைப்பூவே இல்லைன்னு சொன்னதும் நம்பவில்லை.

உண்ணிக்குப் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்து வெப்ப நாடுகள். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே தோட்டங்களில் கலப்பு செய்து விதவிதமாய் நிறம் எடுத்தார்கள். 1809 வாக்கில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச்செடியாக வந்தது. அப்புறம் பங்களாக்களுக்கு வேலியாச்சு. ஆடு மாடு கடிக்காத வேலி, வேற என்ன வேணும்? அங்கிருந்து காட்டுக்குக் கொண்டு போனது சின்னான் மாதிரி பழம் தின்கிற குருவிகள்தான்.

அப்பா காலத்துல சாமை அறுத்த நிலத்தைச் சில வருஷம் தரிசாப் போடுவாங்க. புல் வரும், மாடு மேயும், நெல்லி, கடுக்காய்க் கன்னுங்க தலைதூக்கும். இப்போ ரெண்டு வருஷம் விட்டாலே புதர் மண்டிடுது. அடியில ஒரு புல் இல்லை. ஒரு கோடையில வேற பச்சை இல்லாம எங்க பசு அதைக் கடிச்சிடுச்சு. வெயில் பட்டதும் வெள்ளைத்தோல் இருந்த இடமெல்லாம் வெடிச்சு உரிஞ்சுது, கண்ணு மஞ்சளாச்சு. ஈரலைத் தாக்குற விஷம் அது. பிழைக்கலை.

பூச்சி விட்டு அழிக்கவும் பார்த்திருக்காங்க. 1921ல் ஹவாயிலிருந்து பழத்தைக் குடையும் ஈ வந்தது. 1941ல் ஆஸ்திரேலியாவிலிருந்து டேராடூனுக்கு இலைச்சாறு உறிஞ்சும் பூச்சி. சோதனையில் அது தேக்குப் பூவையும் தொட்டதால் அழிக்க முடிவு செய்தார்கள். அதற்குள் தப்பி வெளியே பரவிவிட்டது. செடி இலை உதிர்த்துத் திரும்பத் துளிர்த்தது, அவ்வளவுதான்.

வெளிநாட்டுச் செடி எல்லாமே கெட்டதுன்னு நான் சொல்ல வரலை. நம்ம புளி ஆப்பிரிக்கா, ஜவ்வாது சீத்தாப்பழம் அமெரிக்கா. அதுங்க மத்ததுக்கு இடம் விட்டு வாழுது. உண்ணிப் பழத்தைக் கரடியும் தின்னும். அதனால ஒரேயடியா எல்லாத்தையும் எடுக்கவும் எனக்கு மனசில்லை.

வெட்டினாலும் கொளுத்தினாலும் தூரிலிருந்து நாலு கொம்பு வரும். தில்லிப் பல்கலைக்கழக சி.ஆர். பாபு குழுவின் முறை வேற: மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ.யில் வேரை வெட்டி, தூரைத் தலைகீழாக் கவுத்து வைக்கணும். பிறகு உடனே புல் விதைக்கணும், இல்லேன்னா குருவி விதைச்சிடும். தமிழ்நாடு அரசும் 2022ல் அந்நியச் செடிகளை அகற்ற ஒரு கொள்கை வெளியிட்டது.

இந்த மழைக்கு அரை ஏக்கர் இப்படி எடுத்திருக்கேன். புதர் விலகினப்போ, செத்துப்போச்சுன்னு நினைச்ச நெல்லி ஒண்ணு இடுப்பளவு உயரத்துல நின்னுச்சு.