கல்லூரிக் கோச் சம்பளம் பிறந்த கதை

சிலமலையிலிருந்து போடிக்குக் கல்லூரி போகும் பிள்ளை கபடி ஆடினாலும் வாலிபால் ஆடினாலும் நீளம் தாண்டினாலும், சொல்லிக்கொடுக்க அநேகமாக ஒரே ஒரு பிசிகல் டைரக்டர்தான். அந்த உத்தியோகத்தின் பூர்வீகம் அமெரிக்கா.

அங்கே கல்லூரி அணியை முதலில் மாணவர் தலைவனோ பழைய மாணவரோதான் பழக்கினார்கள். 1892-ல் சிகாகோ பல்கலைக்கழகம் திறந்தபோது அதன் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், அமோஸ் அலான்சோ ஸ்டாக் என்பவரை ஆண்டுக்கு 2,500 டாலர் சம்பளத்தில், பேராசிரியர் வரிசையிலேயே அமர்த்தினார். கோச் வேலை நிரந்தர உத்தியோகமானது அப்போதுதான். 1905-ல் ஹார்வர்டின் அமெரிக்கக் கால்பந்துக் கோச் பில் ரீடுக்கு 7,000 டாலர். அங்கே எந்தப் பேராசிரியரும் அவ்வளவு வாங்கவில்லை. அந்த ஏணி எங்கே போய் நிற்கிறது? 2023-ல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஒரு கோச்சை ஒப்பந்தம் முடியுமுன் வீட்டுக்கு அனுப்ப, 7.5 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது.

ஸ்டாக் சிகாகோவுக்கு வந்தது ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியிலிருந்து. அதே பள்ளியில் படித்த ஹாரி குரோ பக் நம் சென்னைக்கு வந்தார். 1920-ல் அவர் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் நடக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப்போனவரும் அவரே. ஒரு அணியை ஜெயிக்கவைப்பதைவிட ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்களை உருவாக்குவதையே அவர் பெரிதாக நினைத்தார். நம் பள்ளிகளின் பி.டி. வாத்தியார் அந்த வம்சம்.

எனக்கு பக் போட்ட பாதைதான் சரி. அமெரிக்காவில் டிக்கெட்டும் டி.வி. உரிமையும் பணம் கொட்டுகின்றன. நம் கல்லூரி ஆட்டத்துக்கு அந்த வருமானம் கிடையாது. பெரிய கோச்சுக்குக் கோடி கொடுத்தால் அது ஏலத் தோட்டத்துக்கு ஜீப் ஏறிப்போகும் அம்மா கட்டிய கட்டணத்திலிருந்துதான் போகும். சம்பளக் கோச்சைப் பெற்றெடுத்த சிகாகோவே 1939-ல் பெரிய போட்டிக் கால்பந்தைக் கைவிட்டுவிட்டது.

அதற்காகக் கோச்சுக்குக் குறைத்துக் கொடு என்று சொல்லவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் கல்லூரி உடற்கல்வி இயக்குநரை உதவிப் பேராசிரியருக்குச் சமமாக, 57,700 ரூபாய் தொடக்க ஊதியத்தில் வைக்கின்றன. சுயநிதிக் கல்லூரிகளும் அதைக் குறையாமல் கொடுக்கட்டும். கபடிக்கு ஒருவர், வாலிபாலுக்கு ஒருவர், தடகளத்துக்கு ஒருவர் என்று அரசு போடி வட்டாரத்துக்கு முதலில் ஆள் போடட்டும்.